சுகருக்கு மாத்திரை எடுப்பவர்கள் 16 மணி நேரம் பட்டினி இருந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டு மறுநாள் பகல் பன்னிரண்டுக்குத்தான் அடுத்த வேளை. இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்கில் பலரும் பிடித்துக்கொள்வது இந்த 16:8 கணக்குதான். டைப் 2 சர்க்கரை நோய் உள்ள சிலருக்கு எடையும் சுகரும் குறைய இது உதவுகிறது. ஆனால் உங்கள் மருந்துச்சீட்டு மூன்று வேளை சாப்பிடுகிற ஆளுக்கு எழுதப்பட்டது. சாப்பாட்டை மட்டும் மாற்றிவிட்டு சீட்டை அப்படியே விடுவதுதான் முதல் தவறு, ஆபத்தான தவறும்கூட.

கிளைமெபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகள் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லித் தூண்டுபவை. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை. காலை ஏழு மணிக்கு வழக்கம்போல் ஒன்றைப் போட்டுவிட்டு மதியம் வரை சும்மா இருந்தால் சுகர் சரசரவென்று இறங்கலாம். "நான் மெட்ஃபார்மின் மட்டும்தான் எடுக்கிறேன்" என்று நம்பிக்கையோடு சொல்பவர்களும் ஒருமுறை அட்டையைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. நம்மூரில் மெட்ஃபார்மினும் மேலே சொன்ன தூண்டும் மருந்தும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது சர்வசாதாரணம். தனி மெட்ஃபார்மினால் லோ சுகர் வருவது அரிது. கூட்டு மாத்திரைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

இதைப் படித்துவிட்டு மாத்திரைகளை மொத்தமாக நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள், அதுவும் தவறுதான். குறிப்பாக இன்சுலினைத் தானாக நிறுத்தவே கூடாது. எதைக் குறைப்பது, எதை நேரம் மாற்றிப் போடுவது என்பதைப் பட்டினி தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. இவை சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றுபவை. இவற்றை எடுத்துக்கொண்டு நீண்ட நேரம் சாப்பிடாமலும் தண்ணீர் குடிக்காமலும் இருந்தால், அரிதாக, ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடிவிடும். குளுக்கோமீட்டர் 180, 200 என்று காட்டும். சுகர் அவ்வளவு ஒன்றும் ஏறவில்லையே என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் இருந்தால் மீட்டர் எண்ணைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்தது வீம்பு. கை நடுங்குகிறது, வியர்க்கிறது, "இன்னும் ஒரு மணி நேரம்தானே" என்று இழுப்பது. ரமலான் நோன்பு இருப்பவர்களுக்கு மருத்துவர்கள் தரும் விதி இங்கேயும் பொருந்தும்: சுகர் 70-க்குக் கீழே போனாலோ 300-ஐத் தாண்டினாலோ அந்த நொடியே நோன்பை முடிக்க வேண்டும். லோ சுகருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சாக்லேட்டும் முந்திரியும் அந்த நேரத்துக்கு உதவாது, அவற்றின் கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் உள்ளே விடும். பிபி-க்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்குப் படபடப்பு தெரியாமலே போகலாம், வியர்வையைத்தான் கவனிக்க வேண்டும்.

பட்டினியை முடிக்கிற சாப்பாடு எப்படி என்பது தெரிந்த கதைதான். பதினாறு மணி நேரம் காத்திருந்துவிட்டு ஒரு குண்டான் சோற்றை முடித்தால் காலை முழுவதும் அடங்கியிருந்த சுகர் ஒரே தாவில் ஏறும். முதலில் சுண்டலோ முட்டையோ கீரையோ, சோறு அப்புறம், அதுவும் அளவாக. இடையில் குடிக்கும் சர்க்கரை போட்ட காபியும், விரதம் என்ற பெயரில் சாப்பிடும் ஜவ்வரிசி உப்புமாவும் பட்டினிக் கணக்கில் சேராது.

ராத்திரி முழுக்கச் சாப்பிடவில்லை, ஆனாலும் காலையில் சுகர் 160. உடனே பட்டினியை 18 மணி நேரமாக நீட்டிவிடாதீர்கள். விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்களால் கல்லீரலே சர்க்கரையை வெளியே விடுகிறது. பட்டினியை நீட்டினால் இது சரியாகும் என்று சொல்ல முடியாது.

கர்ப்பிணிகள், சமீபத்தில் லோ சுகரில் மயங்கியவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், தனியாக வசிக்கும் முதியவர்கள் இதில் இறங்காமல் இருப்பதே நல்லது. டைப் 1 உள்ளவர்கள் மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் நினைக்கவே வேண்டாம். மற்றவர்களும் 16-இல்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. இரவு ஏழரைக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டு காலை ஏழரைக்கு இட்லி சாப்பிட்டால் 12 மணி நேரம் ஆகிவிடுகிறது. காலை மாத்திரையும் சாப்பாடும் வழக்கம்போலச் சேர்ந்தே இருக்கும். இரவில் இன்சுலின் போடுபவர்கள் மட்டும் இதற்கும் ஒரு வார்த்தை மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.