சேறு கண்ட வண்டியில் புல்லி சத்தம்: எது என்று கண்டுபிடித்து மாற்றும் முறை

எஞ்சின் முன்பக்கம் கீச்சிட ஆரம்பித்ததும் பலரும் முதலில் மாற்றுவது பெல்ட்டைத்தான். கொஞ்ச நாள் அமைதி, பிறகு அதே சத்தம். எய்தவன் இருக்க அம்பை நோகிற கதை. ஓடையிலும் சேற்றிலும் இறங்கும் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது புல்லிகளின், அதாவது பெல்ட் சுற்றி ஓடும் சக்கரங்களின், நடுவே குண்டுகள் வைத்துச் சுழலும் பேரிங்கை.

காரணம் எளிது. சூடேறிய பேரிங் சட்டென்று குளிர்ந்த நீரில் மூழ்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பேரிங்கை மூடும் சீலின் விளிம்பு வழியாக நீரை உறிஞ்சிக்கொள்ளும். கூடவே நுண்மணலும் போகும். கிரீஸ் கெட்டு, குண்டுகள் துருப்பிடித்து, சத்தம் வெளியே கேட்க நாளாகும். அதற்குள் ஓடையில் இறங்கியதே மறந்துபோயிருக்கும்.

எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பெல்ட்டின் பள்ளக்கோடுகள் உள்ள பக்கத்தில் ஸ்ப்ரே பாட்டிலால் சிறிது தண்ணீர் அடியுங்கள். சட்டைக் கையும் விரலும் பெல்ட்டுக்கு அருகே போகக் கூடாது. சத்தம் உடனே அடங்கி, காய்ந்ததும் திரும்பினால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஏதாவது ஒரு புல்லி இறுகியும் இருக்கலாம். தண்ணீரால் எந்த மாற்றமும் இல்லாமல் 'உர்ர்' என்று அரைத்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் பேரிங்தான்.

அடுத்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். எஞ்சின் ஆறியபின், பெல்ட் ஓடும் வழியைப் போட்டோ எடுத்துவிட்டு, டென்ஷனரைத் திருப்பிக் கழற்றுங்கள். இப்போது எஞ்சினை அரை நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பல எஞ்சின்களில் வாட்டர் பம்பும் இதே பெல்ட்டில் ஓடுவதால் ஒரு நிமிடத்தைத் தாண்ட விடாதீர்கள். பேட்டரி விளக்கு எரிவது இயல்பு. சத்தம் போய்விட்டால் குற்றவாளி பெல்ட் சுற்றும் பாதையில்தான் இருக்கிறது.

எஞ்சினை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். நல்ல ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் சுற்றும் புல்லி) லேசான தடையோடு மெதுவாகச் சுற்றி ஒன்றிரண்டு சுற்றில் நின்றுவிடும். விசிறி போல விர்ரென்று நெடுநேரம் சுற்றினால் அது நல்ல பேரிங் அல்ல, கிரீஸ் வற்றிய பேரிங். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நறநறப்பு இருந்தாலோ, விளிம்பைப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தாலோ மாற்ற வேண்டியதுதான்.

வாட்டர் பம்ப் புல்லி ஆடி, கீழே கூலண்ட் வழிந்த கறையும் இருந்தால் பம்பையே மாற்றுங்கள். ஏசி கம்ப்ரசர் புல்லியில் உள்ள கிளட்ச் பேரிங் பெல்ட் ஓடும்போதெல்லாம் சுற்றும். ஆகவே ஏசி அணைத்திருந்தும் சத்தம் வந்தால் அதைப் பாருங்கள். ஏசி போட்டால் மட்டும் வந்தால் கம்ப்ரசரைப் பாருங்கள், அல்லது பளு தாங்காமல் பெல்ட் வழுக்குகிறதா என்று பாருங்கள். எஞ்சினின் சுழல்தண்டில் மாட்டிய கிராங்க் புல்லியின் நடுவே ரப்பர் வளையம் இருந்து அது பிளந்திருந்தால் வெளி வளையம் தள்ளாடும். வேறு எதை மாற்றினாலும் பயனில்லை.

பிளாஸ்டிக் ஐட்லரில் பேரிங் வார்ப்போடு சேர்ந்திருந்தால் முழுப் புல்லியையும் மாற்றுங்கள். பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் சர்க்ளிப் (வளையக் கிளிப்) உள்ள இரும்புப் புல்லி என்றால் பேரிங்கை மட்டும் மாற்றினால் போதும். பேரிங்கின் எண் என்ன என்பதை அதன் சீல் மேலேயே பார்க்கலாம். பரவலாக வருவது 6203, அதாவது உள்துளை 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மி.மீ. இரும்புத் தகடு மூடிய 'இசட்இசட்' வகை தூசிக்குத் தாங்கும், நீருக்குத் தாங்காது. இருபுறமும் ரப்பர் சீல் உள்ள '2ஆர்எஸ்' வகையையே வாங்குங்கள்.

புதிய பேரிங்கை அழுத்தும்போது பெரிய சாக்கெட்டை வெளி வளையத்தின் மேல் மட்டும் வைத்து வைஸில் அழுத்துங்கள். உள்வளையத்தில் அழுத்தினால் விசை குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் தழும்பு விழும். முதல் நாளே சத்தம் வரும். சில டென்ஷனர் புல்லி போல்ட்டுகள் இடது மரை கொண்டவை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழலும். வழக்கமான திசையில் முரட்டுத்தனமாகத் திருப்பினால் போல்ட் முறியும், முதலில் மேனுவலைப் பாருங்கள். முறுக்கும் அளவையும் அதிலிருந்தே எடுத்து டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். புல்லிக்குப் பின்னால் இருந்த ஸ்பேசரை (இடைவெளி வளையத்தை) மறந்தால் புல்லி உள்ளே தள்ளி நின்று, பெல்ட் மறுபடி கீச்சிடும். தூசி மூடியையும் விடாதீர்கள்.

பெல்ட்டை மாட்டும் முன் புல்லிப் பள்ளங்களில் சிக்கிய கல்லையும் காய்ந்த சேற்றையும் நைலான் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து எடுங்கள். பெல்ட் மேல் ஸ்ப்ரே எண்ணெய் அடிப்பது சில நிமிட அமைதிக்குத்தான். பிறகு வழுக்கலும் தூசியும் கூடும். எண்ணெயில் ஊறிய பெல்ட்டைக் கழுவிப் பயனில்லை, மாற்றுங்கள். மாட்டியதும் எல்லா வரிகளும் பள்ளத்தில் உட்கார்ந்தனவா என்று பார்த்து, கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு எஞ்சின் ஓடும் திசையில் இரண்டு சுற்று கையால் திருப்பிய பிறகே பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஓடையில் இறங்கும் முன் முடிந்தால் வண்டியைச் சற்று ஆறவிடுங்கள். சேறு கழுவும்போது அழுத்த நீரைப் பேரிங் சீல் மேல் நேராகப் பாய்ச்ச வேண்டாம்.