கண் திறக்காத அணில் குட்டி

ஆடிக் காற்றில் எங்கள் தண்டையார்பேட்டை வீட்டு முருங்கைக் கிளை முறிந்து, கூட்டோடு ஓர் அணில் குட்டி விழுந்தது. கண் திறக்கவில்லை, முதுகில் மூன்று கோடுகள் மட்டும் தெரிந்தன. தாய் வந்து தூக்கிப்போகும் என்று இருட்டும்வரை காத்திருந்தோம். வரவில்லை.

தொட்டால் சில்லென்றிருந்தது. குளிர்ந்த உடம்புக்குப் பால் செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வைத்துச் சூடேற்றினேன். பிறகுதான் தவறு செய்தேன்: மல்லாத்திப் பிடித்து இங்க் ஃபில்லரால் ஊட்ட, மூக்கில் பால் நுரைத்தது. பதறிப்போனேன். அடுத்த முறை குப்புறப் பிடித்து, ஊசி கழற்றிய 1 மி.லி. சிரிஞ்சில் நாய்க்குட்டிகளுக்கான பால்பவுடரைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாகத் தந்தேன். வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றை வருடினால்தான் சிறுநீர் கழித்தது.

வனத்துறையிடம் ஒப்படைத்த காலையில், சிரிஞ்சை இரு கைகளாலும் தானே பற்றிக்கொண்டு குடித்தது.