‘ஐ ஆம் நோயிங்’ தவறு, ‘ஐ ஆம் திங்கிங்’ சரி: எப்படி?

‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்று சொல்பவர்கள் இலக்கணம் படிக்காதவர்கள் அல்லர். தமிழில் ‘படிக்கிறேன்’ என்றால் தினமும் படிப்பதாகவும் கொள்ளலாம், இந்த நொடியில் படிப்பதாகவும் கொள்ளலாம். ஆங்கிலம் இவ்விரண்டையும் தனித்தனி வடிவங்களில் வைத்திருக்கிறது: தினமும் என்றால் ‘ஐ ரீட்’, இந்த நொடியில் என்றால் ‘ஐ ஆம் ரீடிங்’. நிலையைச் சொல்லும் வினைகள் பெரும்பாலும் ‘இங்’ வடிவத்துக்கு வருவதில்லை.

முதல் படி: அந்த வினை செயலா, நிலையா என்று பாருங்கள். ஓடுவதை நடுவில் நிறுத்தலாம். ஒருவரைத் தெரிந்திருப்பதை ஐந்து மணிக்கு நிறுத்த முடியாது. நோ (தெரிந்திருப்பது), பிலீவ் (நம்புவது), வான்ட் (விரும்புவது), நீட் (தேவைப்படுவது), ஓன் (சொந்தமாக வைத்திருப்பது), பிலாங் (உரியதாக இருப்பது) எல்லாம் நிலை வினைகள். ‘ஐ நோ ஹிம்’ என்பதே சரி.

இரண்டாம் படி: பட்டியலை மனப்பாடம் செய்து நிறுத்திவிடாதீர்கள், பொருளைப் பாருங்கள். பலரும் தடுமாறும் இடம் இதுதான். ‘ஹேவ்’ உடைமையையோ உறவையோ குறித்தால் ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’. சாப்பிடுவதைக் குறித்தால் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ தாராளமாக வரும். ‘ஐ திங்க் ஹி இஸ் ரைட்’ என்பது கருத்து. ‘ஐ ஆம் திங்கிங் அபவுட் த ஜாப்’ என்றால் மனத்துக்குள் யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. ‘ஐ சீ எ பேர்ட்’ கண்ணில் படுவது; ‘ஐ ஆம் சீயிங் த டாக்டர் டுமாரோ’ நாளைய சந்திப்பு. ‘த சூப் டேஸ்ட்ஸ் குட்’ என்பதில் சூப் எதையும் செய்யவில்லை. கரண்டியோடு நிற்கும் சமையல்காரரைத்தான் ‘இஸ் டேஸ்டிங் த சூப்’ என்று சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: ‘ஆம், இஸ், ஆர்’ என்று வரும் ‘பீ’ வினை. ‘ஹி இஸ் ரூட்’ என்றால் மரியாதையில்லாமல் நடப்பதே அவர் சுபாவம். ‘ஹி இஸ் பீயிங் ரூட்’ என்றால் இப்போது மட்டும் அப்படி நடந்துகொள்கிறார். எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இது. நம் கட்டுப்பாட்டில் உள்ள நடத்தைக்கு மட்டுமே இது பொருந்தும் என்பதால், உயரத்தைச் சொல்ல ‘ஹி இஸ் பீயிங் டால்’ கிடையாது.

மெக்டொனால்ட்ஸ் 2003 முதல் ‘ஐ ஆம் லவிங் இட்’ என்று விளம்பரம் செய்கிறதே என்று கேட்பீர்கள். அந்த நேரத்து ரசனையைச் சொல்லும் பேச்சு வழக்கு அது. தேர்வுத் தாளில் ‘ஐ லவ் இட்’ என்றே எழுதுங்கள்.

பயிற்சிக்கு இரண்டு வாக்கியங்கள்: ‘த பேக் இஸ் வெயிங் ஃபைவ் கிலோஸ்’, ‘ஹி இஸ் வெயிங் த பேக்’. முதலாவது தவறு, ‘வெயிஸ்’ என்று வர வேண்டும். இரண்டாவதில் ஒருவர் பையைத் தராசில் வைத்து நிறுக்கிறார், ஆகவே சரி.