ஒட்டிக்கொள்ளும் ஆக்சிலரேட்டருக்கு ஓர் எளிய வழி

பழைய மோட்டார் சைக்கிளின் ஆக்சிலரேட்டர் கையை விட்டதும் தானாகத் திரும்பாவிட்டால், கேபிளை இரு முனைகளிலும் கழற்றிச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல்முனையில் சிறு பிளாஸ்டிக் பையைப் புனல்போல இறுகக் கட்டி, மெல்லிய எண்ணெயை ஊற்றி, கீழ்முனையில் சொட்டும்வரை இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் உறைக்குள் படிந்த தூசியும் துருவுமே உள்கம்பியைப் பிடித்துக்கொள்கின்றன. எண்ணெய் தன் எடையாலேயே இறங்கி முழு நீளத்தையும் நனைப்பதால், கார்புரேட்டரின் ஸ்பிரிங் கம்பியைத் தடையின்றி இழுத்துக்கொள்கிறது. கிரீஸ் வேண்டாம்; அது உள்ளே இறங்காது, தூசியைத்தான் சேர்க்கும்.

இழை பிரிந்த கேபிளை மாற்றியே ஆக வேண்டும். கேபிளைக் கழற்றிய பின்னும் கைப்பிடி இறுக்கமாகவே சுழன்றால், கோளாறு கைப்பிடியில்தான் இருக்கிறது. ஹேண்டில்பாரைத் திருப்பும்போது மட்டும் எஞ்சின் வேகம் கூடினால், கேபிள் செல்லும் பாதையைச் சரிசெய்யுங்கள்.