பெட்டை நாய்க்கு மடிக்கட்டி: பரம்பரை விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தென்னந்தோப்புக் காவலுக்கு நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டால், "மடியில புற்றா? அதெல்லாம் ஜாதி நாய்க்குத்தான் வரும்" என்பார்கள். பாதிதான் சரி. பூடில், டாக்ஸ்ஹண்ட், காக்கர் ஸ்பேனியல், ஜெர்மன் ஷெப்பர்டு ஆகியவற்றில் இது அதிகம்தான். ஆனால் கருத்தடை செய்யாத பெட்டைகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் கட்டியே இதுதான். நாட்டு நாய் என்பதற்காக மடியைத் தடவிப் பார்க்காமல் விடக்கூடாது.

இதற்கு நேர்மாறாக, "பரம்பரை வியாதி, நாம என்ன பண்றது" என்று கைவிடுபவர்களும் உண்டு. பெண்களின் மார்பகப் புற்றில் பேசப்படும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்கள் நாய்க்கும் இருக்கின்றன. ஸ்வீடனில் இங்கிலீஷ் ஸ்பிரிங்கர் ஸ்பேனியல்களில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு, அவற்றின் மாறுபாடுகளுக்கும் மடிக்கட்டிக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. ஆனால் ஒரு மரபணு மட்டும் தலையெழுத்தை எழுதிவிடுவதில்லை. பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். கூடவே ஹார்மோனும் வேலை செய்யும். நம் கையில் இருப்பது அந்த ஹார்மோன்தான், கருத்தடை ஆபரேஷன் செய்தால் அது குறையும்.

அதனால்தான் "ஒரு தடவை குட்டி போடட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்பது விலை அதிகமான பேச்சு. குட்டி போட்டால் புற்று வராது என்பதும் உண்மையில்லை. 1969-இல் வந்த அமெரிக்க ஆய்வின்படி, கருத்தடையே செய்யாத நாயின் ஆபத்தை நூறாக வைத்தால், முதல் பருவத்துக்கு (இணை சேரும் காலத்துக்கு) முன்பே செய்த நாய்க்கு 0.5, ஒரு பருவம் கழித்துச் செய்தால் 8, அதற்கும் பிறகு 26. இதை "நூறு நாயில் 26 நாய்க்குப் புற்று வரும்" என்று படிப்பவர்கள் நிறைய, அது தப்பு. இவை கருத்தடை செய்யாத நாயோடு ஒப்பிட்ட எண்கள்தான். 2012-இல் பழைய ஆய்வுகளை மொத்தமாக அலசியவர்கள், கருத்தடை ஆபத்தைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் அவ்வளவு வலுவில்லை என்றும் சொன்னார்கள். பெரிய இன நாய்க்கு ரொம்பச் சீக்கிரம் செய்தால் மூட்டுத் தொல்லை வரலாம் என்பதால் வயதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பருவத்தைத் தள்ளிப்போடும் ஹார்மோன் ஊசி மட்டும் வேண்டாம். கட்டி வரும் வாய்ப்பை அது கூட்டும்.

மாட்டின் மடிநோய்க்குக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசிப் பழகிய கை, நாயின் கட்டிக்கும் அதையே பூசுகிறது. மடி சிவந்து சூடாக வீங்கினால் எல்லாமே பால் கட்டியதாக இருக்காது. மூர்க்கமான ஒருவகைப் புற்றும் அப்படியே தெரியும். கட்டி 3 சென்டிமீட்டரைத் தாண்டும் முன் எடுப்பது நல்லது. கடைசி இரண்டு ஜோடி முலைகளில்தான் அதிகம் வருகிறது, அங்கே கவனமாகத் தடவுங்கள். ஆபரேஷனுக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரே வேண்டும், புற்று பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் ஓடும். வெட்டிய கட்டியைத் தூக்கி எறியாமல் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். இப்படி வரும் கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றல்லாத சாதாரணக் கட்டிதான், கண்ணால் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது.

இனப்பெருக்கம் செய்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது வயதில். கட்டி தெரிவது பொதுவாக எட்டு, பத்து வயதில். அதற்குள் அந்தப் பெட்டையின் குட்டிகள் பொள்ளாச்சி, பாலக்காடு என்று பரவி அவையும் குட்டி போட்டிருக்கும். கடுவனை (ஆண் நாயை) இணை சேர்க்கக் கொண்டுவரும்போது உடம்பையும் சான்றிதழையும் பார்ப்பவர்கள், அதன் தாய்க்கும் கூடப் பிறந்த பெட்டைகளுக்கும் கட்டி வந்ததா என்று கேட்பதில்லை. கடுவன் வழியாகவும் இந்த மரபணு இறங்கும். உங்கள் நாய்க்குப் புற்று என்று முடிவு வந்தால், குட்டி வாங்கிப் போனவர்களுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.