பைக்கின் பின் டிஸ்க் பிரேக் பேடு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலில் சொல்ல வேண்டியது, வேலை முடிந்த பிறகு நடக்கும் தவறு. புதிய பேடுகள் தடிமனானவை என்பதால், அவை உட்கார இடம் வேண்டி, கேலிப்பரில் (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பகுதி) உள்ள பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள். அதன் பிறகு முதல் முறை பெடலை மிதித்தால் எந்த எதிர்ப்பும் இல்லாமல் அது அடிவரை இறங்கும். பிஸ்டன் வெளியே வந்து பேடை டிஸ்க்கோடு அணைக்கப் பல மிதிகள் தேவைப்படும். இதை மறந்து வண்டியை எடுப்பவருக்குப் பின் பிரேக்கே கிடையாது. ஆகவே எஞ்சினை இயக்குவதற்கு முன், பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒருமுறை பிரேக் பிடித்துப் பாருங்கள். எவ்வளவு மிதித்தும் பெடல் பஞ்சாகவே இருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். அதை வெளியேற்றும் வரை வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.

அடுத்தது, பழைய பேடைப் பார்க்காமலே குப்பையில் போடுவது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான், ஏனென்றால் பிரேக்கின் உடல்நிலை முழுவதும் அந்த இரண்டு துண்டுகளில் எழுதியிருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துத் தடிமனை ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள கேலிப்பர், ஸ்லைடு பின்களின் மேல் நகர்ந்துதான் இரு பேடுகளையும் சமமாக அழுத்துகிறது. ஒரு பேடு மட்டும் வெகுவாகத் தேய்ந்திருந்தாலும், பேடு ஆப்பு வடிவில் சாய்வாகத் தேய்ந்திருந்தாலும், அந்தப் பின்கள் துருவாலோ காய்ந்த கிரீஸாலோ இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுமே சீக்கிரம் தீர்ந்து, டிஸ்க்கும் நீலம் பாய்ந்திருந்தால் பிரேக் விடுபடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பிஸ்டன் திரும்பாதது ஒரு காரணம். ஓட்டும்போது பெடலின் மேல் பாதத்தைச் சாய்த்து வைக்கும் பழக்கம் இன்னொன்று. காரணத்தை விட்டுவிட்டுப் பேடை மட்டும் மாற்றினால் புதிய பேடும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

பிஸ்டன் ஏன் திரும்பாமல் போகிறது என்று தெரிந்தால் அடுத்த தவறு தானாகவே விளங்கும். பிஸ்டனை இழுத்துக்கொள்ள உள்ளே ஸ்பிரிங் எதுவும் இல்லை. அதைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் சீல், பிரேக் பிடிக்கும்போது சற்று வளைந்து, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அந்த அசைவுதான் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கிறது. பேடு தேயத் தேய வெளியே நீண்ட பிஸ்டனின் மேல் சேறும் பிரேக் தூளும் படிந்திருக்கும். அதை அப்படியே உள்ளே தள்ளினால் அழுக்கு சீலைக் கீறும், அல்லது பிஸ்டனைச் சிக்க வைக்கும். தள்ளுவதற்கு முன் பிரேக் கிளீனரும் மென்மையான பிரஷும் கொண்டு பிஸ்டனைச் சுற்றிலும் துடைத்துவிடுங்கள். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். அவை ரப்பரை உப்ப வைக்கும். தூளைக் காற்றடித்து ஊதுவதும் கூடாது, அது நுரையீரலுக்குப் போகும். பிறகு பழைய பேடை வைத்துக் கையால் சீராக அழுத்துங்கள். டிஸ்க்கின் மேல் ஸ்குரூடிரைவரை ஊன்றி நெம்பினால் டிஸ்க்கில் வடு விழும்.

பிஸ்டனைத் தள்ளும்போது ஒரு கண் ரிசர்வாயரில், அதாவது பிரேக் ஆயில் இருக்கும் டப்பாவில், இருக்கட்டும். பேடு தேயும்போது பிரேக் ஆயில் மட்டம் இறங்குவது இயல்பு. நடுவில் யாராவது அதை நிரப்பியிருந்தால் இப்போது வழிந்துவிடும், வழிந்த இடத்தில் பெயின்ட்டை அரித்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஆயில் சேர்க்க வேண்டியிருந்தால் மூடியில் போட்டிருக்கும் டாட் (DOT) வகையையே சேர்க்க வேண்டும். டாட் 5 சிலிக்கான் வகை, அதை டாட் 3, 4, 5.1 ஆகியவற்றோடு கலக்கக் கூடாது. வெகுநாள் திறந்து கிடந்த புட்டியும் வேண்டாம், அதில் காற்றின் ஈரம் ஏறியிருக்கும். டாட் 4 ஆயிலுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் அது வெறும் 155.

கழற்றும் வரிசையும் முக்கியம். பேடைத் தாங்கும் பின்னைக் கேலிப்பர் வண்டியில் இறுக்கமாக இருக்கும்போதே இளக்கிவிடுங்கள். கழற்றிய கேலிப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆலன் கீயோடு போராடினால் பின்னின் தலை வழுவழுப்பாகிவிடும். கழற்றிய கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள், பெடலையும் தொடாதீர்கள். பிஸ்டன் வெளியே வந்துவிடும். பேடு ஆடாமல் பிடிக்கும் ஸ்பிரிங் தகடு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதை முன்பே ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. மாட்டும்போது பின் நுழையவில்லை என்றால் சுத்தியல் தேட வேண்டாம்; பெரும்பாலும் பேடின் மறுமுனை அதன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்காது.

கிரீஸ் விஷயத்தில் பலரும் தாராளமாக நடந்துகொள்கிறார்கள். ஸ்லைடு பின்னுக்கு ரப்பரைக் கெடுக்காத சிலிக்கான் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். சாதாரண கிரீஸ் அதன் ரப்பர் உறையை உப்ப வைத்து, பின்னை முன்பைவிட மோசமாக இறுக்கிவிடும். பேடின் உரசும் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு துளியும் படக் கூடாது. பின் பிரேக்கில் இந்த ஆபத்து கூடுதல், காரணம் பக்கத்திலேயே செயின் இருக்கிறது. அதற்கு அடிக்கும் ஸ்பிரே டிஸ்க்கின் மேல் தெறித்துவிடும். எண்ணெய் ஊறிய பேடை உப்புத்தாளால் தேய்த்தும் நெருப்பில் காட்டியும் மீட்டுவிடலாம் என்பதை நான் ஏற்க மாட்டேன். டிஸ்க்கைக் கிளீனரால் துடையுங்கள். பேடை மாற்றிவிடுங்கள், இரண்டையும் சேர்த்தே.

போல்ட்டுகளை வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் கருவி) வைத்து முடுக்குங்கள். பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை கழன்றுவிடும். டிஸ்க்கின் மேல் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனையும் ஒருமுறை சரிபாருங்கள்; அதற்குக் கீழே போயிருந்தால் பேடு மாற்றிப் பயனில்லை.

புதிய பேடு டிஸ்க்கோடு பொருந்தக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். அதுவரை முழுப் பிடிமானத்தை எதிர்பார்க்காதீர்கள். ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து நிதானமாகக் குறைத்து, ஆற விட்டு, மறுபடி குறையுங்கள். திரும்பி வந்ததும் பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். லேசாக உரசும் ஓசை இயல்பானது. சக்கரம் சுற்றவே சிரமப்பட்டால் ஸ்லைடு பின்னையும் பிஸ்டனையும் மறுபடி கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.