சொந்த விமானம்: பணமும் உயிரும் போகும் தவறுகள்

அமெரிக்காவில் வார விடுமுறையில் சின்ன விமானம் ஓட்டுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் நிறைய. பலருக்கும் முதல் ஆசை நாலு இருக்கை செஸ்னா 172. அதிகாலையில், காற்று அசையாத நேரத்தில், கீழே ஆறு வளைந்து போவதைப் பார்த்துக்கொண்டே பறந்தவருக்கு அந்த ஆசை லேசில் விடாது. ஆசைப்படலாம். ஆனால் வாங்கும் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடக்கூடாது. பறக்காவிட்டாலும் ஹேங்கர் (விமானம் நிறுத்தும் கொட்டகை) வாடகை, காப்பீடு, 12 மாதத்துக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை என்று பணம் போய்க்கொண்டே இருக்கும்.

செலவு பயமுறுத்தியதும் பலர் செய்வது, பறப்பதைக் குறைப்பது. இதைவிட மோசமான சிக்கனம் இல்லை. செஸ்னாவில் இருக்கும் லைகமிங் என்ஜினில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது. வாரக்கணக்கில் நின்றால் அதன் மேல் படிந்த எண்ணெய் வடிந்துவிடும், ஈரம் துருவை உண்டாக்கும். துருப்பிடித்த கேம்ஷாஃப்ட் தேய ஆரம்பித்தால் என்ஜினைப் பிரித்தே ஆகவேண்டும். தரையில் பத்து நிமிடம் ஓடவிட்டால் போதும் என்பார்கள். போதாது. எண்ணெய் நன்றாகச் சூடாகாததால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அடிக்கடி பறக்க நேரமில்லாதவர்கள், பலர் சேர்ந்து விமானம் வைத்திருக்கும் கிளப்பில் பங்கு வாங்குவதுதான் நல்லது. மற்றவர்களும் ஓட்டுவதால் என்ஜின் சும்மா கிடக்காது.

ஓட்டுபவரின் கையும் அப்படித்தான். பயணிகளை ஏற்ற வேண்டுமென்றால் கடந்த 90 நாளில் மூன்று முறை விமானத்தை மேலே கிளப்பித் தரையிறக்கியிருக்க வேண்டும் என்பது சட்டம். அது குறைந்தபட்சம்தான், பக்கக் காற்றில் இறங்க அந்தப் பழக்கம் போதாது.

நாலு இருக்கை என்றால் நாலு பேர் என்று நினைக்காதீர்கள். டேங்கை நிரப்பி நாலு பெரியவர்கள் ஏறினால் பெரும்பாலும் எடை வரம்பைத் தாண்டும்.

புறப்படும் முன் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். சின்ன விமானங்களுக்குப் போடும் 100எல்எல் பெட்ரோல் இளநீல நிறம். தண்ணீர் கலந்திருந்தால் நிறமில்லாமல் அடியில் தங்கும். குவளை முழுக்க நிறமே இல்லாவிட்டால் சுத்தமாக இருக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள், அது முழுக்கத் தண்ணீராகவும் இருக்கலாம்.

அப்புறம், 'இன்று இரவே போய்ச் சேர வேண்டும்' என்ற அவசரம். 1999 ஜூலை 16 அன்று முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர், இன்னும் இருவரை ஏற்றிக்கொண்டு மூட்டமான இரவில் கடல் மேல் விமானத்தை ஓட்டிச் சென்றார். கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவதற்கான தகுதிச் சான்று அவரிடம் இல்லை. திசை உணர்வு தடுமாறி விமானம் கடலில் விழுந்ததில் மூவரும் இறந்தார்கள். அதனால் எங்கே போனாலும் ஒரு இரவு கூடுதலாகத் தங்கும் செலவைப் பயணக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள், திங்கட்கிழமை வரத் தாமதமாகலாம் என்று அலுவலகத்தில் முன்பே சொல்லி வையுங்கள்.